1914: ஏகாதிபத்தியத்தின் மீதான வழக்கு

முதல் உலகப்போருக்கு ஏகாதிபத்தியமே காரணம் என்ற விளக்கத்துக்கு அந்தப் போரைவிட வயது கூடுதல். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர் குடியரசுகளுக்கும் இடையே போர் மூளவிருந்த நேரத்தில், மான்செஸ்டர் கார்டியன் நாளேட்டின் செய்தியாளராக அங்கே போனவர் ஜான் ஹாப்சன் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர். தங்கச் சுரங்க முதலாளிகளும் அவர்கள் கைவசம் இருந்த பத்திரிகைகளும் ஒரு நாட்டையே போருக்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள் என்ற முடிவோடு அவர் ஊர் திரும்பினார். 1902-இல் வெளிவந்த ‘ஏகாதிபத்தியம்: ஓர் ஆய்வு’ என்ற நூலில் அந்த முடிவைப் பொதுக் கோட்பாடாக விரித்தார். நாட்டின் வருமானம் சிலர் கையில் குவிகிறது. தொழிலாளிக்கு வாங்கும் சக்தி இல்லை. உள்நாட்டில் போட வழியில்லாத பணம் கடல் கடந்து போகிறது. அந்தப் பணத்துக்குக் காவலாகக் கொடியும் படையும் பின்னாலேயே போகின்றன. இதுதான் அவரது வாதத்தின் சாரம். கூலியை உயர்த்தினால் உள்நாட்டுச் சந்தையே பெருகும், காலனிகளுக்குத் தேவையே இராது என்றும் அவர் எழுதினார். சீர்திருத்தத்தை நாடிய தாராளவாதி அவர். புரட்சி அவர் நோக்கமாக இருந்ததில்லை. ஜோகன்னஸ்பர்க் நிதி முதலாளிகளைப் பற்றிய அவருடைய எழுத்தில் யூத வெறுப்பு கலந்திருந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது.

ஹாப்சன் போட்ட விதை மார்க்சியர்களிடம் வேறு மரமாக வளர்ந்தது. வங்கி மூலதனமும் தொழில் மூலதனமும் ஒன்றாகி ‘நிதி மூலதனம்’ உருவாகிவிட்டதாக ருடால்ஃப் ஹில்ஃபெர்டிங் 1910-இல் எழுதினார். முதலாளித்துவம் தன் எல்லைக்கு வெளியே உள்ள பழைய சமூகங்களை விழுங்காமல் உயிர்வாழ முடியாது என்று ரோசா லக்சம்பர்க் 1913-இல் வாதிட்டார். இவற்றையெல்லாம் திரட்டி, போரின் நடுவில், 1916-இல் ஜூரிச் நகரில் இருந்தபடி லெனின் எழுதிய சிறுநூல்தான் ‘ஏகாதிபத்தியம்: முதலாளித்துவத்தின் உச்சகட்டம்’. ஜார் அரசின் தணிக்கைக்குத் தப்ப வேண்டும் என்பதற்காக, ரஷ்யா என்று எழுத வேண்டிய இடத்தில் ஜப்பான் என்று எழுத நேர்ந்ததாக 1917-ஆம் ஆண்டு முன்னுரையில் அவரே குறிப்பிட்டார்.

ஹாப்சனிடம் இல்லாத ஒரு கண்ணி லெனினிடம் உண்டு. உலகம் ஏற்கெனவே பங்கு போடப்பட்டு முடிந்துவிட்டது. ஆனால் நாடுகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பிரிட்டனும் பிரான்சும் பழைய பங்கை வைத்திருக்க, அவற்றைவிட வேகமாக வளரும் ஜெர்மனியின் கையில் சொற்பப் பங்கே இருக்கிறது. மறுபங்கீடு செய்ய வலிமையைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. ஆகவே போர் தவிர்க்க முடியாதது என்றார் லெனின். இதற்கு நேரெதிராக, பெருமூலதனங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு உலகைக் கூட்டாகச் சுரண்டும் நிலையும் வரலாம் என்று கார்ல் காவுட்ஸ்கி சொல்லியிருந்தார். அவருடைய கட்டுரை அச்சேறிய 1914 செப்டம்பரில் போர் தொடங்கி ஒரு மாதம் கடந்திருந்தது. லெனினின் நூல் முதன்மையாகக் காவுட்ஸ்கிக்கு எழுதிய மறுப்பு. சோசலிஸ்டுகள் போரை ஆதரிக்கலாமா, கூடாதா என்ற அன்றைய அரசியல் சண்டையில் பிறந்த நூல் அது. 1914 ஜூலையில் பெர்லினிலும் வியன்னாவிலும் நாளுக்கு நாள் என்ன நடந்தது என்பதை ஆராய்வது அதன் வேலையாக இருக்கவில்லை. இதை மறந்துவிட்டு அதை வரலாற்று நூலாகப் படித்தவர்களும், அதை வரலாற்று நூலாக எண்ணித் தாக்கியவர்களும் பிற்பாடு நிறைய வீண் சண்டை போட்டார்கள்.

ஆசியாவில் அந்த விளக்கம் ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் தெளிவு. காலனி ஆட்சியின் கீழ் இருந்தவர்களுக்குத் தங்கள் நிலையையும் ஐரோப்பாவின் போரையும் ஒரே நூலில் கோத்துக் காட்டியது அது. சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் நேருவும் 1914-ஆம் ஆண்டுப் போரைத் தொழில்நாடுகளின் சந்தைப் பசி, காலனிப் போட்டி ஆகியவற்றிலிருந்தே தொடங்கி விளக்கினார்.

முதலாளித்துவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மறுத்தவர்களில் முக்கியமானவர் ஜோசஃப் ஷும்பீட்டர். வணிகமும் தொழிலும் அமைதியையே விரும்பும். போர் வெறி என்பது நிலப்பிரபுக்களும் படைத்தலைவர்களும் பழைய காலத்திலிருந்து சுமந்துவந்த மிச்சம் என்று 1919-இல் அவர் எழுதினார். போருக்கு முன்பே நார்மன் ஏஞ்சல் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் இதையொட்டிய கருத்தைச் சொல்லிப் பெரும்புகழ் பெற்றிருந்தார்: நாடுகளின் பணமும் வணிகமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், வென்ற நாட்டுக்கும் போரால் லாபமில்லை. போர் வராது என்று ஏஞ்சல் சொன்னதாகப் பலர் இன்றும் எழுதுகிறார்கள். போர் வீண் என்பதுதான் அவர் சொன்னது.

ஆவணங்களின் போர்

துப்பாக்கிகள் ஓய்ந்தபின் காகிதங்கள் மோதின. 1917 நவம்பரில் போல்ஷெவிக்குகள் ஜார் அரசின் ரகசிய உடன்படிக்கைகளை வெளியிட்டார்கள். கான்ஸ்டான்டிநோபிள் ரஷ்யாவுக்கு, அரபு நிலங்கள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் என்று நேச நாடுகள் போட்டுவைத்திருந்த பங்கு அதில் அம்பலமானது. 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு, போரால் விளைந்த இழப்புக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்றது. அந்தப் பழியைத் துடைக்க ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் தனிப்பிரிவே அமைத்தது. 1922 முதல் 1927 வரை 40 தொகுதிகளாகத் தன் பழைய ராஜதந்திர ஆவணங்களை அச்சிட்டது. பிரிட்டன் 11 தொகுதிகளோடு பதில் சொன்னது. பிரான்சும் தன் பங்குக்குத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது.

இதனால் ஆராய்ச்சியின் திசையே மாறியது. கையில் கிடைப்பவை தூதர்களின் தந்திகள் என்றால், எழுதப்படும் வரலாறும் தூதர்களின் வரலாறாகத்தான் இருக்கும். ‘இந்த உலக ஒழுங்கு ஏன் போரில் முடிந்தது’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘எந்த அமைச்சர் எந்த நாளில் எதைச் செய்தார்’ என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அமெரிக்கரான சிட்னி ஃபே 1928-இல் எழுதிய நூல் பொறுப்பை எல்லாத் தலைநகரங்களுக்கும் பகிர்ந்தளித்தது. ரகசியக் கூட்டணிகள், ராணுவவாதம், தேசியவாதம், பொருளாதார ஏகாதிபத்தியம், பத்திரிகைகள் என அடிப்படைக் காரணங்கள் ஐந்தை அவர் வகுத்தார். பள்ளிப் பாடநூல்களில் இன்றும் தென்படும் காரணப் பட்டியலில் இதன் சாயலைக் காணலாம். ஏகாதிபத்தியம் இங்கே ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இன்னோர் அமெரிக்கரான பெர்னடாட் ஷ்மிட் 1930-இல் அதே ஆவணங்களைப் படித்து, பழியின் பெரும்பங்கு ஜெர்மனிக்குத்தான் என்றார். போரில் இடது கையை இழந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பியர் ரெனுவான் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். எல்லாவற்றிலும் விரிவானது இத்தாலியப் பத்திரிகை ஆசிரியர் லூயிஜி அல்பெர்த்தினியின் மூன்று தொகுதிகள். முசோலினி ஆட்சியில் பத்திரிகையை இழந்த பிறகு, பல மொழி ஆவணங்களை வைத்தும், உயிரோடிருந்த பழைய அமைச்சர்களிடமும் தூதர்களிடமும் கேட்டறிந்தும் அவர் உழைத்தார். அவர் இறந்த பிறகு 1942-43-இல் அது அச்சேறியது. போர்க்காலத்தில் ஐரோப்பாவில் அதைப் படிக்க ஆளில்லை. பத்தாண்டு கழித்து ஆங்கிலத்தில் வந்த பிறகே அதன் மதிப்பு புரிந்தது.

1951-இல் பிரெஞ்சு, ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுகூடி, 1914-இல் எந்த அரசும் எந்த மக்களும் திட்டமிட்டு ஐரோப்பியப் போரை விரும்பியதாகச் சொல்ல ஆவணம் இடமளிக்கவில்லை என்று உடன்பட்டனர். இரண்டு நாடுகளும் சமாதானமாக வாழ வேண்டிய கட்டாயம் அந்தத் தீர்மானத்தில் தெரிகிறது.

பணம் எங்கே போனது?

ஹாப்சன்–லெனின் விளக்கத்தின் மீது விழுந்த பலமான அடி கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. ஹெர்பர்ட் ஃபைஸ் 1930-இல் ஐரோப்பிய நாடுகளின் வெளிநாட்டு முதலீடுகளைக் கூட்டிப் பார்த்தார். 1914-இல் பிரிட்டனின் வெளிநாட்டு முதலீடு ஏறக்குறைய 400 கோடி பவுண்டு. அதில் பாதிக்கும் குறைவே பேரரசுக்குள் இருந்தது. பேரரசுக்குள் போனதிலும் பெரும்பகுதி கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய பழைய இடங்களுக்கே போனது. மீதியில் கணிசமான பகுதி அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனது. 1880-க்குப் பிறகு அடித்துப் பிடித்து வாங்கிய வெப்பமண்டல ஆப்பிரிக்காவுக்குச் சென்ற பணம் மிகச் சொற்பம். பிரான்சின் வெளிநாட்டு முதலீட்டில் ஏறக்குறைய கால்பங்கு ரஷ்யாவில் இருந்தது. அதன் காலனிகளுக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்குதான். ஜெர்மனியின் மொத்த வணிகத்தில் அதன் சொந்தக் காலனிகளின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ரஷ்யாவோ கடன் கொடுத்த நாடே அல்ல, வாங்கிய நாடு. இதை முன்வைத்து டேவிட் ஃபீல்ட்ஹவுஸ் 1961-இல் ஹாப்சனின் கோட்பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்.

இந்தக் கணக்கு சரியானது. ஆனால் அது மறுப்பது எதை என்று கவனிக்க வேண்டும். காலனி பிடித்ததற்கு முதலீடுதான் ஒரே காரணம் என்ற வாதம் இதனால் விழுகிறது. காலனிப் போட்டிக்கும் போருக்கும் தொடர்பில்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஜான் காலகரும் ரொனால்ட் ராபின்சனும் 1953-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த வேறுபாட்டுக்கு வழி திறந்தது. கொடி நாட்டாமலேயே ஆதிக்கம் செலுத்த முடிந்த இடத்தில் பிரிட்டன் அப்படியே செய்தது. முடியாத இடத்தில்தான் நேரடியாக ஆண்டது என்றார்கள் அவர்கள். 1882-இல் எகிப்தைப் பிடித்ததற்கும் இந்தியாவுக்குப் போகும் சூயஸ் வழியைக் காப்பதே பெரிய காரணம் என்று பின்னர் விரித்து எழுதினார்கள். அதாவது, இருக்கும் பேரரசைக் காக்கப் புதிய பேரரசு தேவைப்பட்டது. பயம் ஆசையைவிடப் பெரிய உந்துதலாக வேலை செய்தது.

நிதி முதலாளிகள் போரை விரும்பினார்களா என்ற கேள்விக்கும் ஆவணங்கள் தெளிவாகப் பதில் சொல்கின்றன. 1914 ஜூலைக் கடைசியில் லண்டன் நிதி வட்டாரம் நடுங்கிப் போயிருந்தது. நாடு போரில் இறங்கக் கூடாது என்று வங்கியாளர்கள் அன்றைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜிடம் மன்றாடினார்கள். ஜூலை 31 அன்று லண்டன் பங்குச் சந்தை கதவை மூடியது. 1915 ஜனவரி வரை அது திறக்கவில்லை.

அகாதீர் முதல் சரயேவோ வரை

அரசுக்கும் வணிகத்துக்கும் இடையே உண்மையில் யார் யாரைத் தள்ளினார்கள் என்பதை அறிய 1911-ஆம் ஆண்டின் மொரோக்கோ விவகாரத்தை நெருங்கிப் பார்க்கலாம். உள்நாட்டுக் கலகத்தைக் காரணம் காட்டி அந்த ஆண்டு பிரெஞ்சுப் படை தலைநகர் ஃபெஸ்ஸுக்குள் நுழைந்தது. மொரோக்கோவைப் பிரான்ஸ் முழுதாக விழுங்கப்போகிறது. நமக்கும் ஈடாக ஏதாவது கிடைக்க வேண்டும் என்று ஜெர்மன் வெளியுறவுச் செயலர் கிடெர்லன்-வேக்டர் கணக்குப் போட்டார். அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தென் மொரோக்கோவில் ஜெர்மன் நிறுவனங்களுக்கு ஆபத்து, காக்க வேண்டும் என்று ஹாம்பர்க் வணிகர்களின் மனு ஒன்று தயாரானது. அது வணிகர்களிடம் தானாக முளைத்த மனு அல்ல. வெளியுறவு அமைச்சகத்தின் விருப்பமறிந்து, வார்பர்க் வங்கியோடு தொடர்புடைய ரெகெண்டான்ஸ் என்ற இளைஞர் எழுதிக் கையொப்பம் திரட்டிய மனு. ஜூலை 1 அன்று ‘பாந்தர்’ என்ற சிறிய பீரங்கிக் கப்பல் அகாதீர் துறைமுகத்துக்கு வந்து நின்றது. அகாதீர் ஐரோப்பிய வணிகத்துக்கு மூடப்பட்டிருந்த ஊர். காப்பாற்றப்பட அங்கே ஜெர்மானியர் எவரும் இல்லை. வடக்கே மொகடோரில் இருந்த வில்பெர்க் என்ற வணிகப் பிரதிநிதிக்கு உடனே அகாதீருக்குப் போகும்படி செய்தி பறந்தது. கப்பல் வந்து சில நாள் கழித்தே அவரால் அங்கே போய்ச் சேர முடிந்தது. ஆபத்தில் இருந்த ஜெர்மானியர் என்று காட்ட அவர் ஒருவர்தான் கிடைத்தார்.

இதே மொரோக்கோவில் ஜெர்மனியின் க்ரூப், தைசன் நிறுவனங்களும் பிரான்சின் ஷ்னைடர் நிறுவனமும் ஒரே சுரங்கக் கூட்டு நிறுவனத்தில் பங்காளிகளாக இருந்தன. பெரிய தொழிலதிபர்கள் கூடிப் பங்கிட்டுக்கொள்ளவே விரும்பினார்கள். அவர்களுக்குப் போட்டியாக நின்ற மன்னெஸ்மன் சகோதரர்கள்தான் தேசப்பற்றுக் கோஷத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்கள். பெர்லினில் முடிவெடுத்தவர்களுக்கு மொரோக்கோவின் இரும்புத்தாதுவைவிடப் பிரிட்டன்–பிரான்ஸ் நட்பை உடைப்பதும், உள்நாட்டுத் தேர்தலுக்கு முன் ஒரு வெற்றியைக் காட்டுவதும் முக்கியமாக இருந்தன. மூலதனம் அரசை இழுத்தது என்பதைவிட, அரசு மூலதனத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டது என்பதே இங்கே பொருந்தும்.

நவம்பர் 4 அன்று உடன்பாடு வந்தது. மொரோக்கோவைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்குப் பிரெஞ்சுக் காங்கோவின் ஒரு பகுதியை ஜெர்மனி பெற்றுக்கொண்டது. அந்த நிலங்களில் வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விவகாரம் அதோடு முடிந்துவிடவில்லை. மொரோக்கோ பிரான்சுக்கு, திரிபோலி இத்தாலிக்கு என்று 1902-இல் அந்த இரு நாடுகளும் பேசிவைத்திருந்தன. பிரான்ஸ் தன் பங்கை எடுக்கும்போது தானும் எடுக்காவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்று ரோம் அஞ்சியது. 1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி ஒட்டோமன் அரசின் மீது போர் தொடுத்து லிபியாவில் இறங்கியது. ஒட்டோமன் படை அங்கே திணறுவதைப் பார்த்த பால்கன் நாடுகள் கூட்டணி கட்டி 1912 அக்டோபரில் பாய்ந்தன. இரண்டு பால்கன் போர்கள் முடிந்தபோது செர்பியாவின் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது. அதைத் தன் உயிருக்கே ஆபத்தாக ஆஸ்திரியா–ஹங்கேரி பார்த்தது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் பட்டத்து இளவரசர் சுடப்பட்டபோது வியன்னாவில் முன்பிருந்த பொறுமை மிச்சமில்லாமல் போனதற்கு இதுவே பின்னணி. ஃபெஸ், அகாதீர், திரிபோலி, பால்கன், சரயேவோ என்ற இந்தத் தொடர், ஏகாதிபத்தியத்தின் மீதான வழக்கில் கோட்பாடு எதுவும் தராத அளவுக்கு வலுவான சாட்சியம். இதில் ‘தவிர்க்க முடியாமை’ இல்லை. ஒரு காலனிக் கொள்ளை அடுத்த கொள்ளைக்குக் கதவு திறந்துவிட்ட நிகழ்ச்சித்தொடர் இருக்கிறது. கிறிஸ்டோபர் கிளார்க் 2012-இல் எழுதிய ‘தூக்கத்தில் நடப்பவர்கள்’ நூலில் லிபியப் போருக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கியது இதனால்தான்.

கூட்டணிகளின் பிறப்பையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1904 ஏப்ரலில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின் உள்ளடக்கம் எகிப்து உனக்கு, மொரோக்கோ எனக்கு என்பதுதான். 1907 ஆகஸ்டில் பிரிட்டனும் ரஷ்யாவும் செய்தது பாரசீகத்தை மூன்று மண்டலங்களாகக் கூறுபோட்ட உடன்பாடு. ஆப்கானிஸ்தானும் திபெத்தும் அதில் அடக்கம். ஐரோப்பாவைப் பற்றி இவற்றில் ஒரு பிரிவுகூட இல்லை. ஆனாலும் 1914-இல் பிரிட்டன் யார் பக்கம் நிற்கும் என்பதை இவைதான் பாதி தீர்மானித்தன. ரஷ்யாவைப் பகைத்துக்கொண்டால் இந்தியாவின் எல்லை என்னவாகும் என்ற கவலை லண்டனில் ஜெர்மனி மீதான அச்சத்துக்குக் குறையாமல் இருந்தது. ரஷ்யாவில் தூதராக இருந்து வெளியுறவு அமைச்சகத்தின் நிரந்தரத் துணைச்செயலரான ஆர்தர் நிக்கல்சன் இதை வெளிப்படையாகவே எழுதிவந்தார். இந்தியாவைக் கணக்கில் சேர்க்காமல் பிரிட்டனின் 1914 முடிவை முழுதாக விளக்க முடியாது என்று கீத் வில்சன் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

எதிர்த்தரப்புக்கும் வலுவான சான்று ஒன்று உண்டு. 1914 கோடையில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே இருந்த காலனித் தகராறுகள் ஏறத்தாழ தீர்ந்துவிட்டிருந்தன. போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனிகளை எதிர்காலத்தில் எப்படிப் பிரிப்பது என்று 1913-இல் பேசி முடித்தார்கள். பாக்தாத் ரயில்பாதை குறித்த உடன்பாட்டுக்கு 1914 ஜூன் 15 அன்று சுருக்கொப்பம் இட்டார்கள். இளவரசர் சுடப்பட்ட நாளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கீல் துறைமுகத்தில் ஜெர்மன் கடற்படையின் விருந்தாளிகளாக நின்றிருந்தன. காலனிப் பங்கீடுதான் நேரடிக் காரணம் என்றால், தகராறு உச்சத்தில் இருந்த 1911-இல் வராத போர், தகராறு தணிந்த 1914-இல் ஏன் வந்தது? லெனினைப் பின்பற்றியவர்கள் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது அரிது.

ஃபிஷர் கிளப்பிய புயல்

1961-இல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் வெளியிட்ட ஒரு பெருநூல் மேற்கு ஜெர்மனியை உலுக்கியது. கிழக்கு ஜெர்மனியின் கைவசமிருந்த போட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்தில் அவர் கண்டெடுத்தவற்றில் முக்கியமானது, 1914 செப்டம்பர் 9 தேதியிட்ட ஒரு குறிப்பு. பிரதமர் பெத்மன் ஹோல்வெக் அனுப்பிய அந்தக் குறிப்பில் வெற்றிக்குப் பின் ஜெர்மனி கேட்க வேண்டியவை வரிசையாக இருந்தன. பிரான்சின் பிரியே இரும்புத்தாது வயல்கள் ஜெர்மனிக்கு. பெல்ஜியம் அடங்கி நடக்கும் சிற்றரசாக வேண்டும். மத்திய ஐரோப்பா முழுவதும் ஜெர்மன் தலைமையில் ஒரு சுங்கக் கூட்டமைப்பு. ரஷ்யா எல்லையிலிருந்து பின்தள்ளப்பட வேண்டும். மத்திய ஆப்பிரிக்காவில் தொடர்ச்சியான ஒரு காலனிப் பேரரசு. தொழிலதிபர்கள், வங்கியாளர்கள், அதிகாரிகள் ஆகியோரின் விருப்பங்கள் அதில் ஒன்றுசேர்ந்திருந்தன. அந்தத் தேதியில்தான் மார்ன் நதிக்கரையில் ஜெர்மன் படை பின்வாங்கத் தொடங்கியது.

போர் தொடங்கி ஐந்து வாரத்தில் இவ்வளவு விரிவான பட்டியல் தயாராகிறது என்றால், அந்த எண்ணம் முன்பே இருந்திருக்க வேண்டும் என்றார் ஃபிஷர். 1969-இல் வந்த அடுத்த நூலில், 1912 டிசம்பர் 8 அன்று கைசர் தன் படைத்தலைவர்களோடு நடத்திய கூட்டத்தை முன்வைத்து, போர் அப்போதே மனத்தில் முடிவாகிவிட்டது என்ற அளவுக்குப் போனார். போர் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது என்று தரைப்படைத் தலைமைத் தளபதி மோல்ட்கே அந்தக் கூட்டத்தில் சொன்னதும், கடற்படைக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு வேண்டும் என்று கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸ் கேட்டதும் உண்மை. ஆனால் பிரதமர் அங்கே இல்லை. கூட்டத்துக்குப் பின் போருக்கான பொருளாதார ஏற்பாடு எதுவும் பெரிதாக நடக்கவில்லை. செப்டம்பர் குறிப்பு முக்கியமான ஆவணம். ஆனால் டிசம்பர் கூட்டம் ஃபிஷர் அதன் மீது ஏற்றிய பாரத்தைத் தாங்காது.

அவரைக் கடுமையாக எதிர்த்தவர் முதல் உலகப்போரில் தானே போரிட்டவரான கெர்ஹார்ட் ரிட்டர். போர் தொடங்கிய பின் எழுதிய ஆசைப்பட்டியல் போருக்கு முந்தைய காரணத்துக்குச் சான்றாகாது என்பது ரிட்டர் தரப்பின் வாதம். சண்டை வகுப்பறையோடு நிற்கவில்லை. 1964-இல் ஃபிஷர் அமெரிக்காவில் உரையாற்றப் போகவிருந்தபோது ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் பயணத்துக்கான நிதியை நிறுத்தியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்தான் கைகொடுத்தன. ஒரு வரலாற்றாசிரியரின் வாயை அடைக்க முயன்றது அந்த அரசுக்குக் களங்கமாகவே நிலைத்தது.

ஃபிஷருக்குப் பின் வந்த தலைமுறை பார்வையை உள்நாட்டுப் பக்கம் திருப்பியது. எக்கார்ட் கேர் 1930-லேயே ஜெர்மன் கடற்படைக் கட்டுமானத்தை நிலப்பிரபுக்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் இடையிலான பேரமாக விளக்கியிருந்தார். ஹான்ஸ்-உல்ரிச் வேலர் 1969-இல் அதைக் காலனிகளுக்கும் பொருத்தினார். உள்நாட்டு வர்க்க மோதலைத் திசைதிருப்ப வெளிநாட்டு வெற்றி தேவைப்பட்டது என்ற இந்த ‘சமூக ஏகாதிபத்திய’ விளக்கம் ஹாப்சனை நினைவூட்டினாலும், முதலீட்டாளரின் இடத்தில் அரசியல்வாதியை வைத்தது. 1968-இல் ஜேம்ஸ் ஜால் லண்டனில் ஆற்றிய ஓர் உரை வேறொரு வாசலைத் திறந்தது. நெருக்கடி வேளையில் தலைவர்கள் காகிதத்தில் எழுதாத நம்பிக்கைகளின்படியே நடக்கிறார்கள் என்றார் அவர். வளராத நாடு அழியும், பேரரசு இல்லாதவனுக்கு எதிர்காலம் இல்லை, வலுத்தவனே வாழ்வான் என்பவை அந்தத் தலைமுறை பள்ளியிலேயே கற்றுக்கொண்டவை. இவை எந்தத் தந்தியிலும் இருக்காது. ஆவணத் தொகுதிகளை மட்டுமே நம்பியவர்கள் தவறவிட்டது இந்த இடத்தைத்தான். காலனி ஆட்சி விட்டுச்சென்ற ஆழமான தடமும் இந்த நம்பிக்கைகளே.

ஐரோப்பாவுக்குள்ளேயே பேரரசுகள்

ஏகாதிபத்தியம் என்றால் கடல் கடந்த காலனி என்று மட்டும் எண்ணியதால் நெடுங்காலம் ஓர் எளிய உண்மை கண்ணில் படவில்லை. 1914-இல் மோதிய ஆஸ்திரியா–ஹங்கேரியும் ரஷ்யாவும் பேரரசுகளே. அவற்றின் காலனிகள் நிலத்தொடர்ச்சியாக இருந்தன. போஸ்னியாவை 1878 முதல் ஆஸ்திரியா–ஹங்கேரி ஆண்டது. இரு நாட்டுப் பொது நிதியமைச்சரின் பொறுப்பில் அது ஏறக்குறைய ஒரு காலனியாகவே நிர்வகிக்கப்பட்டது. 1908-இல் முழுதாக இணைத்துக்கொள்ளப்பட்டது. சரயேவோவில் இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ ப்ரின்சிப் வளர்ந்தது அந்த ஆட்சியில்தான். ரஷ்யாவின் தானிய ஏற்றுமதியில் பெரும்பகுதி கருங்கடல் நீரிணைகள் வழியாகப் போனது. 1912-இல் இத்தாலியப் போரால் நீரிணை சில வாரம் மூடப்பட்டபோது பீட்டர்ஸ்பர்க் அதிர்ந்தது. ரஷ்யாவின் நீரிணை ஆசையே போரின் திறவுகோல் என்று 2011-இல் ஷான் மெக்மீக்கின் எழுதியது மிகை. டொமினிக் லீவன் ரஷ்ய ஆவணங்களை வைத்து எழுதிய நூல் அந்த அரசின் அச்சங்களையும் நிதானமாக எடைபோடுகிறது. ஒட்டோமன் அரசு வெறும் பலியாடாக இருக்கவில்லை, பிழைக்க வழி தேடித் தானே போரில் இறங்கியது என்று முஸ்தபா அக்சகால் 2008-இல் துருக்கிய ஆவணங்களைக் கொண்டு காட்டினார்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதைத் தொடக்கத்திலேயே வேறுவிதமாகக் கண்டார்கள். லெனின் நூலெழுதுவதற்கு ஓராண்டு முன், 1915 மே மாதம், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் ‘போரின் ஆப்பிரிக்க வேர்கள்’ என்ற கட்டுரையை அட்லாண்டிக் மந்த்லி இதழில் எழுதினார். கறுப்பர்களின் நிலத்தையும் உழைப்பையும் பிடுங்குவதில் வெள்ளைத் தொழிலாளிக்கும் ஒரு பங்கு கொடுக்கப்பட்டுவிட்டது, போட்டி அதனால்தான் மக்கள் ஆதரவோடு நடக்கிறது என்ற அவரது கருத்து ஹாப்சனிடம் இல்லாதது. இனவாதத்தை விட்டுவிட்டு ஏகாதிபத்தியத்தை விளக்க முடியாது என்பதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் அவர் ஒருவர். வரலாற்றுத் துறை அவரைக் கவனிக்க மிகவும் தாமதித்தது. கே. எம். பணிக்கர் 1953-இல் எழுதிய ஆசிய வரலாற்று நூல், ஆசியாவின் பார்வையில் அது ஐரோப்பியர்களின் உள்நாட்டுப் போர் என்றது. ஆனால் அந்த ‘உள்நாட்டுப் போர்’ பிறர் வீட்டிலும் நடந்தது. பிரிட்டிஷ் தரப்பின் முதல் துப்பாக்கிச் சூடுகள் நடந்த இடங்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ. சுட்டவர்கள் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் கப்பல் ‘எம்டன்’ சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. இந்தியாவைக் கேளாமலே வைஸ்ராய் இந்தியாவைப் போரில் சேர்த்தார். ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர்கள் படையிலும் படைசார்ந்த வேலைகளிலும் சேர்க்கப்பட்டார்கள். 74,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1917-இல் 10 கோடி பவுண்டு போர்ச் செலவு இந்தியாவின் தலையில் ‘நன்கொடை’யாக ஏற்றப்பட்டது.

ராபர்ட் கெர்வார்த்தும் எரெஸ் மனேலாவும் 2014-இல் தொகுத்த நூல் இந்தப் பார்வையை முறைப்படுத்தியது. போரை அவர்கள் 1911-இல் இத்தாலியின் லிபியப் படையெடுப்பில் தொடங்கி, 1923-இல் லோசான் உடன்படிக்கையில் முடிக்கிறார்கள். ஜெர்மனியின் காலனிகளையும் ஒட்டோமன் அரபு நிலங்களையும் ‘பொறுப்பாட்சி’ என்ற பெயரில் பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஜப்பான், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை பிரித்துக்கொண்ட 1919-க்குப் பிந்தைய ஏற்பாடும் இந்தச் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. அகாதீருக்கு விலையாக ஜெர்மனி பெற்ற காங்கோ நிலம் மீண்டும் பிரான்ஸ் கைக்குப் போனது.

இதற்கு எதிரான வாதமும் உயிரோடுதான் இருக்கிறது. சட்டகம் அகல அகல, 1914 ஜூலையின் முடிவுகளை எடுத்தவர்களின் பொறுப்பு கரைந்துபோகிறது என்று அன்னிகா மோம்பாவர், ஜான் ரோல் முதலிய வரலாற்றாசிரியர்கள் எச்சரித்தார்கள். ஆஸ்திரியா எதைச் செய்தாலும் துணைநிற்போம் என்று ஜூலை 5 அன்று பெர்லின் கொடுத்த உறுதியும், செர்பியா ஏற்கவே முடியாதபடி ஜூலை 23 அன்று வியன்னா அனுப்பிய இறுதி எச்சரிக்கையும் பெயர் தெரிந்த மனிதர்கள் எடுத்த முடிவுகள் என்பது அவர்கள் தரப்பு. பொறுப்பைப் பங்கிட்டளித்த கிளார்க்கின் நூல் ஜெர்மனியில் அமோகமாக விற்பனையானதை அவர்கள் கவலையோடு பார்த்தார்கள். அந்த விவாதம் நூற்றாண்டு நிறைவுக்குப் பிறகும் முடியவில்லை.